ஏரிக்கரையில் எத்தனை போர்கள்

மணிப்பூரின் லோக்தாக் ஏரியை ஒட்டிய சிற்றூர்கள் இருநூறு ஆண்டுகளாகப் பிறர் வகுத்த எல்லைகளுக்காக விலை கொடுத்துவந்திருக்கின்றன. 2023-ல் எல்லைக்கோடு அவற்றின் வாசலுக்கே வந்துவிட்டது.

இம்பாலிலிருந்து தெற்கே போகும் டிடிம் சாலையில் 27-வது கி.மீ.யில் இருக்கிறது பிஷ்ணுபூர். அதைத் தாண்டினால் நிங்தௌகோங். 45-வது கி.மீ.யில் மொய்ராங். அங்கிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்தில், சூராசாந்த்பூர். அதற்கப்பால் மலைகளில் ஏறி இறங்கி மியான்மரின் சின் மலைப் பகுதியிலுள்ள டிடிம் என்ற ஊரை எட்டுவதால்தான் சாலைக்கு இந்தப் பெயர். பிஷ்ணுபூரிலிருந்து மொய்ராங் வரை சாலைக்கு மேற்கே மலைத்தொடர். கிழக்கே வயல்களும், அவற்றை அடுத்து வடகிழக்கு இந்தியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரியான லோக்தாக்கும்.

சுற்றுலாப் பிரசுரங்களைப் படிப்பவர்களுக்கு லோக்தாக் என்றால் நினைவுக்கு வருவது 'பும்தி' எனப்படும் மிதக்கும் தாவரத் திட்டுகள். அந்தத் திட்டுகளின் மேலேயே அமைந்திருக்கிறது கெய்புல் லாம்ஜாவோ தேசியப் பூங்கா. 1951-ல் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1953-ல் மீண்டும் கண்டறியப்பட்ட சங்காய் மான்களின் புகலிடம் அது. மீன்பிடி ஓடங்கள், வட்ட வட்டமான பசுந்திட்டுகள், நடுவே சின்னச் சின்னக் குன்றுகள் என்று படம் பிடிக்க வாகான இடம்.

ஆனால் ராணுவத் தளபதிகள் இந்த இடத்தைப் பார்த்த விதம் வேறு. மலைக்கும் ஏரிக்கும் நடுவே கிடக்கும் இந்தக் குறுகிய நிலம், தெற்கிலிருந்து இம்பால் பள்ளத்தாக்குக்குள் நுழைய விரும்பும் எந்தப் படைக்கும் ஒரு வாசல். மேற்கே அஸ்ஸாமின் சில்சாரிலிருந்து மலைகளைக் கடந்து வரும் பழைய கச்சார் பாதையும் வந்து இறங்குவது பிஷ்ணுபூரில்தான். சாலைகள் சேரும் இடத்தில் சந்தை உருவாகும். போர் வந்தால் அதே இடம் முதலில் எரியும். ஏரிக்கரை ஊர்களின் வரலாறு இந்த இரண்டுக்கும் இடையில் ஊசலாடிய வரலாறு.

கதையிலேயே எல்லை

மொய்ராங் ஒரு காலத்தில் தனி அரசு. தாங்ஜிங் என்ற தெய்வம் அதன் காவலர். இம்பாலை மையமாகக் கொண்ட மெய்தெய் அரசு பிற்காலத்தில் அதை உள்வாங்கிக்கொண்டது. ஆனாலும் மெய்தெய் மக்களின் ஏழு குலங்களில் ஒன்றாக 'மொய்ராங்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. மணிப்பூரின் புகழ்பெற்ற காதல் கதை கம்பா-தோய்பி பிறந்ததும் இங்கேதான். ஏழை அனாதை கம்பாவை அரச குடும்பத்துப் பெண் தோய்பி காதலிக்கிறாள். ஹிஜாம் அங்காங்கல் 20-ம் நூற்றாண்டில் இந்தக் கதையை 39 ஆயிரம் அடிகள் கொண்ட காவியமாகப் பாடினார்.

கதையில் ஒரு திருப்பம் உண்டு. தந்தையின் கோபத்துக்கு ஆளான தோய்பி காபோ பள்ளத்தாக்குக்கு நாடு கடத்தப்படுகிறாள். காபோ என்பது மணிப்பூருக்குக் கிழக்கே, மலைகளுக்கு அப்பால், இன்று மியான்மரில் இருக்கும் பள்ளத்தாக்கு. ஏரிக்கரையில் கதை சொன்னவர்களுக்கு அது அடுத்த ஊர் மாதிரி. தண்டனைக்கு அனுப்பும் அளவுக்குத் தூரம், திரும்பி வரக்கூடிய அளவுக்குப் பக்கம்.

பிஷ்ணுபூரும் கிழக்கோடு கொண்ட உறவின் சாட்சிதான். அதன் பழைய பெயர் லாமாங்தோங். 15-ம் நூற்றாண்டில் மன்னர் கியாம்பா, ஷான் இனத்தவரின் பொங் நாட்டு மன்னருடன் நட்புப் பூண்டிருந்தார். பொங் மன்னர் பரிசாகக் கொடுத்த விஷ்ணு கல்லை வைத்து வழிபட இங்கே செங்கல்லால் ஒரு கோயில் எழுந்தது. அந்த விஷ்ணுவால் ஊருக்குப் பிஷ்ணுபூர் என்ற பெயர் வந்தது. மணிப்பூரில் வைணவம் அரச மதமாவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்ட சங்கதி இது. விஷ்ணு இந்த ஊருக்கு மேற்கிலிருந்து வரவில்லை, பர்மா பக்கத்திலிருந்து வந்தார் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

ஏழாண்டுப் பேரழிவு

அதே கிழக்கிலிருந்துதான் பேரழிவும் வந்தது. மணிப்பூரின் அரச வரலாற்றுக் குறிப்பேடான 'செய்தாரோல் கும்பாபா' பர்மியரை 'அவா' என்று குறிப்பிடுகிறது. அவா நகரம் அவர்களது தலைநகராக இருந்ததால் வந்த பெயர். முதலில் கை ஓங்கியிருந்தது மணிப்பூருக்கே. 18-ம் நூற்றாண்டின் முற்பாதியில் மன்னர் கரீப்நிவாஸின் குதிரைப் படை பர்மாவுக்குள் ஊடுருவி சகாயிங் வரை போனது. 1750-களில் பர்மாவில் அலாங்பயா புதிய வம்சத்தை நிறுவியதும் காற்று திசை மாறியது. படையெடுப்பு மேல் படையெடுப்பு.

உச்சகட்டம் 1819. பர்மியர் உதவியோடு 1813-ல் அரியணை ஏறிய மர்ஜித் சிங், பர்மாவின் புதிய மன்னர் பக்யிடாவின் முடிசூட்டு விழாவுக்குப் போகவில்லை. அதைச் சாக்காக வைத்துப் பர்மியப் படை உள்ளே புகுந்தது. 1826 வரை நீண்ட அந்தக் காலத்தை மணிப்புரி மக்கள் 'சஹி தாரெத் குந்தாக்பா', அதாவது ஏழாண்டுப் பேரழிவு என்கிறார்கள். ஏராளமானோர் சிறைப்பிடிக்கப்பட்டுப் பர்மாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் மேற்கு மலைகளைக் கடந்து கச்சாருக்கு ஓடினார்கள். பள்ளத்தாக்கு ஏறக்குறைய வெறிச்சோடியது. அஸ்ஸாமின் பராக் பள்ளத்தாக்கிலும் அதற்கப்பாலும் இன்று வாழும் மணிப்புரி மக்களில் பலரின் முன்னோர்கள் அப்படி ஓடியவர்களே.

கச்சாரில் தஞ்சம் புகுந்திருந்த இளவரசர் கம்பீர் சிங், ஆங்கிலேயர் கொடுத்த ஆயுதங்களோடு 500 பேர் கொண்ட 'மணிப்பூர் லெவி' என்ற படையைத் திரட்டினார். 1825-ல் பர்மியரை விரட்டினார். 1826 பிப்ரவரி 24-ல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் இடையே யாந்தபோ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்த முதல் ஆங்கில-பர்மியப் போரில் ரங்கூன் முனையில் பெருமளவில் நின்றவர்கள் சென்னை மாகாணப் படையினர் என்பது தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

போர் முடிந்தது, பேரம் முடியவில்லை. காபோ பள்ளத்தாக்கு யாருக்கு என்ற கேள்வி 8 ஆண்டுகள் இழுபட்டது. கடைசியில் 1834-ல் ஆங்கிலேயர் அதைப் பர்மாவிடம் ஒப்படைத்தார்கள். இழப்பீடாக மணிப்பூர் மன்னருக்கு மாதம் 500 சிக்கா ரூபாய். ஜனவரி 9-ம் தேதி, எந்த நாளில் காபோ கைமாறியதோ அதே நாளில் கம்பீர் சிங் இறந்தார். தோய்பி நாடு கடத்தப்பட்ட பூமி அதன்பின் வேறு நாடாகிவிட்டது. கல்கத்தாவில் எடுத்த முடிவு அது. ஏரிக்கரை மக்களை யாரும் கேட்கவில்லை.

இரண்டு போர்கள், இரண்டு நினைவுகள்

1891-ல் அரண்மனைக்குள் நடந்த வாரிசுச் சண்டையில் ஆங்கிலேயர் தலையிட்டார்கள். மார்ச் 24-ல் இம்பாலில் அஸ்ஸாம் தலைமை ஆணையர் குவின்டனும் உடனிருந்த அதிகாரிகளும் கொல்லப்பட்டார்கள். பதிலடியாக மூன்று திசைகளிலிருந்து படைகள் புறப்பட்டன: வடக்கே கோஹிமா, மேற்கே சில்சார், தென்கிழக்கே தமு. தமுவிலிருந்து வந்த படையைக் கோங்ஜோமில் எதிர்கொண்ட பாவோனா பிரஜபாசி முதலானோர் வீழ்ந்தார்கள். ஆகஸ்ட் 13-ல் இளவரசர் திகேந்திரஜித்தும் முதிய தளபதி தாங்கலும் தூக்கிலிடப்பட்டார்கள். தோலக் கொட்டிப் பாடும் 'கோங்ஜோம் பர்வா' என்ற கதைப்பாட்டு மரபே இந்தப் போரிலிருந்து கிளைத்தது.

மலைகளுக்கு வேறொரு போர் உண்டு. முதல் உலகப் போரின்போது பிரான்சுக்குக் கூலிப் படை அனுப்பும்படி ஆங்கிலேயர் மலைக் கிராமங்களை நெருக்கினார்கள். குக்கி இனத் தலைவர்கள் மறுத்தார்கள். 1917 முதல் 1919 வரை நடந்த சண்டையில் ஆங்கிலேயர் கிராமம் கிராமமாக எரித்தார்கள். துப்பாக்கிகளைப் பறித்தார்கள். பிறகு, மலைப் பகுதிகளைக் கண்காணிப்பதற்காகப் புதிய உட்பிரிவுகளை ஏற்படுத்தினார்கள். அவற்றில் ஒன்றுதான், அன்றைய மகாராஜா சூராசந்தின் பெயரைத் தாங்கிய சூராசாந்த்பூர். அங்குள்ள மக்களில் பலர் இன்றும் தங்கள் ஊரை லாம்கா என்றுதான் அழைக்கிறார்கள்.

ஆங்கிலேயரை எதிர்த்த இரண்டு போர்களும் கால் நூற்றாண்டு இடைவெளியில், ஒரே மாநிலத்தில் நடந்தவை. ஆனால் பள்ளத்தாக்கு 1891-ஐ நினைவுகூர்கிறது. குக்கி மலைகள் 1917-ஐ நினைவுகூர்கின்றன. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் பொதுவிழா உருவாகவில்லை. பின்னால் வந்த பிளவுக்கு இது காரணமல்ல என்றாலும், அந்தப் பிளவு எவ்வளவு எளிதில் வேர் பிடித்தது என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

ஜப்பான் லான்

மணிப்புரியில் போருக்கு 'லான்' என்று பெயர். அரிசி ஏற்றுமதியை எதிர்த்து 1939 டிசம்பரில் பெண்கள் நடத்திய போராட்டம் 'நுபி லான்'. இரண்டாம் உலகப் போர் 'ஜப்பான் லான்'. 1942 மே 10-ல் இம்பால் மீது குண்டு விழுந்ததும் நகரமே காலியானது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1944 மார்ச்சில், ஜப்பானின் 33-வது டிவிஷன் டிடிம் சாலை வழியாக வந்தது. அதற்கு முன்னால் சண்டையிட்டபடியே பின்வாங்கி வந்தது ஆங்கிலேயரின் 17-வது இந்திய டிவிஷன்.

ஏப்ரல் 14-ல் மொய்ராங்கில் இந்திய தேசிய ராணுவத்தின் பகதூர் பிரிவைச் சேர்ந்த கர்னல் ஷௌகத் அலி மாலிக் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அந்தமானில் அதற்கு முன்பே, 1943 டிசம்பரில், நேதாஜி கொடியேற்றியிருந்தார். பெருநிலப்பரப்பில் ஐ.என்.ஏ.யின் வரலாற்றில் மொய்ராங்குக்குத்தான் அந்தப் பெருமை. உள்ளூரில் அவர்களுக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் மைரெம்பாம் கோய்ரெங் சிங். பிற்காலத்தில் மணிப்பூரின் முதல் முதலமைச்சர் ஆனவர். ஹேமாம் நீலமணி சிங்கின் வீடு ஐ.என்.ஏ.யின் தலைமையிடமாயிற்று.

ஐ.என்.ஏ.யில் சேர்ந்த சாதாரண மக்களில் மலாயா ரப்பர் தோட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். மறுபக்கம், பர்மாப் போர்முனையில் ஆங்கிலேயருக்காகச் சாலையும் பாலமும் போட்டவர்களில் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவினரும் உண்டு. ஆக, இந்தப் போரின் இருபக்கமும் தமிழர்கள் இருந்தார்கள்.

அதன்பின் மூன்று மாதங்கள் இந்தக் குறுகிய நிலம் பட்ட பாடு சொல்லி முடியாது. ஏப்ரல் நடுவில் சில்சார் பாதையின் தொங்கு பாலத்தை ஜப்பானியர் தகர்த்தார்கள். போட்சங்பாம் என்ற கிராமத்தின் பெயர் வாயில் நுழையாத ஆங்கிலச் சிப்பாய்கள் அதைப் 'பாட்ஸ் அண்ட் பான்ஸ்', அதாவது சட்டி பானை, என்று கூப்பிட்டார்கள். உண்மையிலேயே சட்டி பானைகூட மிஞ்சாத அளவுக்கு அங்கே சண்டை நடந்தது. மே மாத இறுதியில் ஜப்பானியர் இம்பாலுக்குச் சுமார் 16 கி.மீ. தூரத்திலுள்ள மைபாம் லோக்பாசிங் என்ற செங்குன்று வரை வந்தார்கள். அங்கே ஏறக்குறைய அனைவரும் மாண்டார்கள்.

ஜூன் 6-லிருந்து 26-க்குள், நிங்தௌகோங்கையும் பிஷ்ணுபூரையும் சுற்றி மட்டும் நான்கு விக்டோரியா கிராஸ் விருதுகள். சார்ஜென்ட் ஹான்சன் டர்னர், ரைஃபிள்மேன் கஞ்சு லாமா, சுபேதார் நேத்ரபகதூர் தாபா, நாயக் அகன்சிங் ராய். டர்னரும் தாபாவும் உயிரோடு திரும்பவில்லை. சிக்கிமைச் சேர்ந்த கஞ்சு லாமா, கைகளில் காயத்தோடு தவழ்ந்துபோய் இரண்டு டாங்கிகளை நொறுக்கினார். ஜூலையில் ஜப்பான் பின்வாங்கியது. படையெடுத்து வந்த சுமார் 85 ஆயிரம் ஜப்பானியரில் ஏறத்தாழ 30 ஆயிரம் பேர் இறந்தார்கள். பசியாலும் நோயாலும் இறந்தவர்களே அதிகம்.

வந்தவர்கள் தங்கள் இறந்தோருக்கு நினைவிடம் எழுப்பினார்கள். செங்குன்றின் அடியில் 1994-ல் ஜப்பான் அமைத்த அமைதி நினைவிடம் இருக்கிறது. 2019-ல் அதே வட்டாரத்தில் இம்பால் அமைதி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மொய்ராங்கில் ஐ.என்.ஏ. அருங்காட்சியகம். அதன் வளாகத்தில், சிங்கப்பூரில் நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டி, ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் வெடிவைத்துத் தகர்த்த ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தின் மாதிரி நிற்கிறது. நிலத்தை இழந்தவர்கள், வயலில் வெடிக்காத குண்டு புதைந்திருக்க உழுதவர்கள், பாதி எரிந்த ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் ஆகியோருக்குப் படைப்பிரிவு வரலாறுகளில் கிடைத்திருக்கும் இடம் சொற்பம். ஆனால் ஊரை மறுபடி ஊராக்கியவர்கள் அவர்கள்தான்.

அந்த 20 கி.மீ.

1949-ல் மணிப்பூர் இந்தியாவோடு இணைந்தது. 1972-ல் தனி மாநிலம் ஆனது. 1960-களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினர், தரைவழியே மீண்டும் பர்மாவுக்குள் போக முயன்று முடியாமல், எல்லையிலேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் குடியேறிய மோரே நகரமும், 1834-ல் கைவிட்டுப்போன காபோ பள்ளத்தாக்கின் வாயிலில்தான் இருக்கிறது. எதிரே தெரிவது தமு. இப்படி எல்லை என்றால் மோரே, எல்லைப் பிரச்சினை என்றால் கிழக்கே 100 கி.மீ.க்கு அப்பால் என்று ஏரிக்கரை ஊர்கள் ஓரளவு நிம்மதியாக இருந்த காலம் அது.

2023 மே 3-ல் அது முடிந்தது. மெய்தெய் மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கையை எதிர்த்து மலை மாவட்டங்களில் பேரணிகள் நடந்த நாள். மொய்ராங்குக்கும் சூராசாந்த்பூருக்கும் இடையிலுள்ள தோர்புங்கில் மோதல் வெடித்தது. முதலில் கைவைத்தது யார் என்பதற்கு இரு தரப்பும் இருவேறு பதில் சொல்கின்றன. இருபுறமும் வீடுகள் எரிந்தன. மெய்தெய்கள் வடக்கே ஓடினார்கள், குக்கி-ஜோ மக்கள் தெற்கே ஓடினார்கள். மொய்ராங்கிலும் முகாம்கள், சூராசாந்த்பூரிலும் முகாம்கள். மாநிலம் முழுவதும் 250-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், சுமார் 60 ஆயிரம் பேர் வீடிழந்தார்கள்.

பாதுகாப்புப் படையினர் நடுவே வந்து நின்றார்கள். அந்த இடைவெளிக்கு 'பஃபர் ஸோன்' என்று பெயர் வந்தது. இரண்டு நாடுகளுக்கு இடையே சொல்லப்படும் வார்த்தை ஒரு மாநிலச் சாலையின் நடுவே புழக்கத்துக்கு வந்தது. அந்தப் பட்டியில் மாட்டிக்கொண்டது க்வாக்தா. 17-ம் நூற்றாண்டு முதல் மணிப்பூரில் வாழும் மெய்தெய் பங்கல் முஸ்லிம்கள் நிறைந்த ஊர். இரு தரப்பிலும் சேராதவர்கள், இரு தரப்புத் துப்பாக்கிச் சூட்டுக்கும் நடுவில் இருந்தார்கள்.

2023 ஜூன் 29-ல் ராகுல் காந்தியின் கார் வரிசை பிஷ்ணுபூரிலேயே நிறுத்தப்பட்டது. அவர் ஹெலிகாப்டரில் சூராசாந்த்பூர் போனார். 2025 செப்டம்பர் 13-ல் மழையால் ஹெலிகாப்டர் பறக்க முடியாமல் பிரதமர் மோடி அதே சாலையில் காரில் போனார். இரண்டுமே செய்தியானது, அந்தச் சாலையில் போவதே செய்தியாகிவிட்டதால்தான். மொய்ராங்கின் மெய்தெய் வியாபாரிக்கு சூராசாந்த்பூர் போகவோ, சூராசாந்த்பூரின் குக்கி நோயாளிக்கு இம்பால் மருத்துவமனைக்கு வரவோ அந்த வசதி இல்லாமல் போயிற்று. 2025 மார்ச்சில் எல்லாச் சாலைகளிலும் தடையற்ற போக்குவரத்து என்று மத்திய அரசு அறிவித்த பிறகும் பழைய நடமாட்டம் உடனே திரும்பவில்லை.

2024 செப்டம்பர் 6-ல் மலைப் பக்கமிருந்து ஏவப்பட்ட ராக்கெட் ஒன்று மொய்ராங்கில் விழுந்தது. ஏவியவர்கள் குக்கி ஆயுதக் குழுவினர் என்று சந்தேகிக்கப்பட்டது. விழுந்த இடம் கோய்ரெங் சிங்கின் வீட்டு வளாகம். ஐ.என்.ஏ.க்குத் துணை நின்றவரின் வீடு. பூஜை ஏற்பாட்டில் இருந்த முதியவர் ஒருவர் இறந்தார். 1944-ல் வந்த குண்டுகள் வேறு நாட்டுக்காரர்களுடையவை. இந்த முறை அது சில கி.மீ. தூரத்திலிருந்து வந்தது.

பழைய போர்களுக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். அவா படை பர்மாவுக்குத் திரும்பிப் போனது. ஆங்கிலேயர் போனார்கள். ஜப்பானியர் போனார்கள். இந்த முறை போவதற்கு யாரும் இல்லை. எதிரெதிரே நிற்கும் இருவருமே இந்த மண்ணில் இருக்கப்போகிறவர்கள். ஏரியில் பிடித்த மீனையும் மலையில் விளைந்ததையும் ஒரே சாலையில் விற்று வாங்கியவர்கள்.

எல்லைகளை இந்த வட்டாரம் பலமுறை பார்த்திருக்கிறது. மொய்ராங்குக்கும் இம்பாலுக்கும் இடையே ஒரு காலத்தில் எல்லை இருந்தது, அழிந்தது. காபோவுக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு விழுந்தது, நிலைத்தது. எது அழியும், எது நிலைக்கும் என்பதை யாந்தபோ ஒப்பந்தம்போல ஒரு காகிதம் மட்டும் தீர்மானித்ததில்லை. 1826-க்குப் பிறகு கச்சாரிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் திரும்பி வந்த பிறகுதான் ஏழாண்டுப் பேரழிவு முடிந்தது. 1944-ல் போட்சங்பாமில் மறுபடி அடுப்பு எரிந்தபோதுதான் ஜப்பான் லான் முடிந்தது. மொய்ராங்கிலிருந்து சூராசாந்த்பூருக்குச் சாதாரணப் பயணிகள் பஸ், துணைக்கு ராணுவ வண்டி இல்லாமல், இருக்கைகளில் இரு தரப்பு மக்களோடும் போய்த் திரும்பும் நாளில்தான் இந்தப் போரும் முடிந்ததாக ஏரிக்கரை ஊர்கள் ஒப்புக்கொள்ளும்.